முப்பத்தொரு நீலம்

— நாலு சிவப்பு. ஒரு கறுப்பு. ரெண்டு நீலம்.

— ரெண்டு நீலம்.

— சிர்வார்த் அக்கா, கொஞ்சம் எண்ணுறத நிறுத்துங்க. அஞ்சு மணிக்குள்ள இந்த ஆட்சேப மனு நான் யெரெவானுக்கு அனுப்பியாகணும். இப்பவே மணி ரெண்டு.

— வரிசை முடியாம நிறுத்தக் கூடாது, ஷோகிக் ஜான், என் கண்ணு. நீ வக்கீலு. பாதி வாக்கியத்துல முற்றுப்புள்ளி வைப்பியா? மூணு சிவப்பு.

— மூணு சிவப்பு.

— ஹெக்னார் அக்கா, நீங்களாவது சொல்லக் கூடாதா?

— நான் என்னத்தச் சொல்ல? நிறத்தைக் கூப்பிடுறது அவங்க, முடிச்சு கட்டுறது நான். வாய் நின்னா கை நிக்கும்.

— கேட்டுக்கோ, ஜான். இவ என் கொழுந்தன் பொண்டாட்டி. ஒரே தறி, ஒரே பலகை, தோளோட தோள் இடிக்குது. எட்டு வருஷமா நிறத்தையும் எண்ணிக்கையையும் தவிர எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. உப்பு வேணும்னாகூட என் புருஷன்கிட்டதான் கேப்பா.

— அவங்க வீட்டு உப்பு கரிக்கும். அதையும் சொல்லிடு, பொண்ணே.

— ஐயோ, ரெண்டு பேரும் ஒரு அரைமணி நேரம் சண்டைய ஒத்தி வைங்க! நான் என்ன ஊர்ப் பஞ்சாயத்துக்கா கோரிஸ் வந்திருக்கேன்? யெரெவான்ல இருந்து அஞ்சு மணி நேரம் வேன்ல நசுங்கி வந்திருக்கேன்.

— ஒரு கறுப்பு. வரிசை முடிஞ்சுது. சீப்பு போட்டு இறுக்கு.

— போட்டாச்சு.

— இப்பச் சொல்லு ஜான். முதல்ல அந்தக் காப்பியக் குடி. குடிச்சிட்டுக் கோப்பையைக் கவுத்து வை, மண்டியைப் பார்த்துக் குறி சொல்றேன். போன தடவை ஒரு கல்யாணம் தெரிஞ்சுது.

— கல்யாணம் இல்லக்கா, வழக்கு. அதையே நீங்க தப்பாப் பார்த்திருக்கீங்க. கேளுங்க. அந்த ஐரோப்பியக் கம்பெனி அவங்க கழுத்துத்துணிக்குப் போட்டிருக்கிற விளம்பரத்த வாசிக்கிறேன். "காக்கசஸ் மலைகளில் அலைந்து திரிந்த, பெயர் தெரியாத நாடோடிகளின் மறைந்துபோன வடிவம். எங்கள் வடிவமைப்பாளர் அதற்குப் புத்துயிர் அளித்திருக்கிறார்."

— நாடோடியா? எங்க மாமனார் வீட்டுச் சுவர் மூணு முழம் அகலம். அதைத் தூக்கிட்டா அலைஞ்சோம்?

— வீடு வாசல் போய் இப்ப அலையுறோமே. முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு அந்தாளுக்கு.

— பாரு, பேசினாலும் குத்தித்தான் பேசுவா.

— நான் பொண்ணுகிட்டப் பேசினேன்.

— அவங்க விளம்பரம் போட்டதுகூடப் போகட்டும். அந்த வடிவத்தைத் தங்களோட பேர்ல பதிஞ்சிருக்காங்க. விஷாப் நாகம், வாலு, அந்த நீலக் கோடு, எல்லாத்தையும். அதுக்கப்புறம் உங்களுக்கு ஒரு கடுதாசி அனுப்பியிருக்காங்க பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். இந்தப் பட்டறைல இனிமே இந்த நாகத்தை நெய்து விக்கக் கூடாதாம். நெய்தா நீங்கதான் திருடின மாதிரியாம்.

— யாரு, நானா? என் கையிலயிருந்து எடுத்ததை நான் திருடினேனா?

— ஆமா. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஆதாரத்தோட எதிர்க்கலைன்னா, இதோ இப்பத் தறியில ஏறியிருக்கே, இதையும் சேர்த்து அறுத்துப் போட வேண்டியதுதான். பன்னெண்டு பொம்பளைங்க பொழைக்கிற பட்டறை. மிச்சம் பத்துப் பேரும் வெளிய முற்றத்துல கம்பளியைக் கழுவிக்கிட்டு, நான் என்ன சொல்லப் போறேன்னு ஜன்னலையே பார்த்துட்டிருக்காங்க.

— அதோ சுவத்துல தொங்குதே ஜான், அதை விடவா ஆதாரம் வேணும்? எங்க ஊர்ல நானும் இவளும் நெய்தது. ரெண்டாயிரத்து இருபது சண்டையில குண்டு விழ விழக் கிளம்பினப்போ வேற எதையும் எடுக்கல. மாமியாரை அந்தக் கம்பளத்துல சுருட்டி டிராக்டர்ல போட்டுக் கொண்டு வந்தோம். கிழவி வழி பூரா வஞ்சுக்கிட்டே வந்தா, "செத்தவள மாதிரிச் சுத்தியிருக்கீங்கடி"ன்னு.

— அந்தக் கம்பளத்தப் பார்த்து கம்பெனிக்காரன் என்ன சொல்லுவான் தெரியுமா? "போன வருஷம் எங்க துணியைப் பார்த்து நெய்திருக்காங்க"ம்பான். தேதி நெய்திருக்கீங்களா? இல்ல. பேரு? இல்ல. ஊரு எல்லைக்கு அந்தப் பக்கம், எதிரி கைக்குப் போயிடுச்சு. சாட்சி சொன்னா "உங்க ஆளுங்க"ன்னு தள்ளிடுவான்.

— அந்தக் கம்பெனி ஆளு, சிவப்பு மீசைக்காரன், நேர்லயே பார்த்தானே! சண்டைக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, பதினெட்டுல வந்தான். ரெண்டு நாள் எங்க வீட்லதான். கீரை ரொட்டி ஏழு தின்னான். இவ சுட்டுப் போடப் போட அவன் தின்னான்.

— எட்டு.

— எட்டு. முசுக்கட்டைச் சாராயத்தைத் தண்ணி மாதிரிக் குடிச்சிட்டு இந்தக் கம்பளத்து மேலயே குப்புற விழுந்து தூங்கினான். காலைல எந்திரிச்சுப் படம் எடுத்தான். எடுத்துக்கோப்பான்னு நான்தான் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேன்.

— தூக்கிப் பிடிச்சீங்க! நல்லாப் பிடிச்சீங்க!

— விருந்தாளி, ஜான்.

— உங்களைத் திட்டலக்கா. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது, அதான். எங்கப்பா சிசியான் பக்கம் ஆடு மேய்க்கிறவர். இந்தத் தறியில ஓடுற கம்பளியில பாதி அவர் ஆட்டோடதா இருக்கும். எங்கம்மா அதைப் பனித்தண்ணியில கழுவிக் கழுவிக் கை பூரா வெடிப்பு. எங்க வம்சத்துலயே பள்ளிக்கூடம் தாண்டின முதல் ஆள் நான். சட்டம் படிச்சேன்னா அந்த வெடிச்ச கையாலதான். இப்ப எவனோ வந்து "பெயர் தெரியாத நாடோடி"ன்னு எழுதுறான். எனக்குத் தெரியுமே பேரு. சிர்வார்த். ஹெக்னார். ரெண்டு பேரும் என் முன்னாடி உக்காந்து உப்புக்குச் சண்டை போடுறாங்க.

— அழாத, பொண்ணே.

— அழலக்கா, கோபம். எனக்குக் கோபம் வந்தா கண்ணுல தண்ணி வரும். சரி, வேலைக்கு வருவோம். ஒரு விஷயம் நம்ம பக்கம் இருக்கு. பழைய விஷாப் கம்பளம் எத்தனை இருக்கோ அத்தனையும் நான் பார்த்துட்டேன். அருங்காட்சியகம், கோயில், புத்தகம், எல்லாம். எதுலயும் இந்த நீலக் கோடு இல்ல. வலது பக்க நாகத்தோட வால்ல இருந்து கிளம்பி, மயிரிழை மாதிரி நேராக் கரை வரைக்கும் போகுதே, அது உலகத்துலயே உங்க கம்பளத்துல மட்டுந்தான். அப்புறம் அவன் துணியில. அதுக்கு அவன் பேரு வேற வச்சிருக்கான். "ஆன்மாவின் பயண நூல்."

— என்ன நூலு?

— ஆன்மாவின் பயண நூல். நாடோடிகள் இறந்தவங்களை வழியனுப்ப அப்படி நெய்வாங்களாம். என்னாச்சு? சிரிப்பீங்கன்னு நெனச்சேன். ரெண்டு பேரும் ஏன் அப்படிப் பார்க்குறீங்க?

— ஒண்ணுமில்ல ஜான். அது தப்பு. தறியில விழுந்த தப்பு, அவ்வளவுதான். அங்க சிவப்பு வரணும்.

— அதேதான்! அதுதான் எனக்கு வேணும்! தப்புன்னா, அதைப் பண்ணினவங்களுக்குத்தான் அது எப்படி வந்துதுன்னு தெரியும். திருடினவனுக்குத் தெரியாது, அதனாலதான் கதை கட்டுறான். ரெண்டு பேரும் தனித்தனியா ஒரு வாக்குமூலம் தரணும். யாரு பண்ணின தப்பு, என்னிக்கு, எப்படி. ரெண்டும் ஒண்ணாப் பொருந்தணும். சொல்லுங்க, யாரு பண்ணினது?

— அவ.

— அவங்க.

— ஆரம்பிச்சாச்சா!

— எழுதிக்கோ, பொண்ணே. நாலு நீலத்தோட வால் முடியணும். அதுக்கப்புறம் கரை வரைக்கும் வெறும் தரை நிறம், "மிச்சம் சிவப்பு"ன்னு ஒரே தடவை கூப்பிடணும். அவங்க கூப்பிடல. நீலம்னாங்க. நான் நீலம் கட்டினேன். மறுபடி நீலம்னாங்க. முப்பத்தொரு தடவை.

— நான் "மிச்சம் சிவப்பு"ன்னுதான் சொன்னேன். இவ கைதான் நீலத்தை விடல.

— முப்பது வருஷமா என் கை ஒரு முடிச்சு தப்பினதில்ல. இது ஊர்ல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச அத்தனை பேர்கிட்டயும் போய், "ஹெக்னார் கை தப்பிடுச்சு"ன்னு சொல்லி வச்சாங்க. அதுவும் எப்போ? அந்த வாரத்துல!

— எந்த வாரத்துல, ஹெக்னார் அக்கா? எனக்குத் தேதிதான் வேணும். தோராயமாச் சொன்னாக்கூடப் போதும்.

— தோராயம் எதுக்கு? ரெண்டாயிரத்துப் பதினாறு, ஏப்ரல் நாலு. திங்கக்கிழமை. காலைல பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். எழுதிக்கோ.

— எட்டு வருஷத்துக்கு முன்னாடி விழுந்த ஒரு தப்பு முடிச்சு. மணிக்கணக்கோட எப்படிக்கா ஞாபகம் இருக்கு?

— பையில ஒரு கடுதாசி இருக்கு. பச்சைப் பை. ஆணியில மாட்டியிருக்கு பாரு. எடுத்துப் படி.

— இது... பட்டாள அலுவலகத்துக் கடுதாசி. "உங்கள் மகன் செய்ரான்..." ஐயோ. எல்லையில நடந்த ஏப்ரல் சண்டையா?

— பத்தொன்பது வயசு. எல்லைக் காவல். அந்தக் கடுதாசியக் கொண்டு வந்து குடுத்தப்போ நான் தறியிலதான் இருந்தேன். கரை முடிச்சு கட்டி முடிக்கல, கதவு தட்டினாங்க.

— மன்னிச்சுடுங்கக்கா. எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு "அதுதான் வேணும்"னு குதிச்சேன்.

— உனக்குக் கடுதாசி வேணும்ல? அதுல தேதி இருக்கு, முத்திரை இருக்கு. வச்சுக்கோ. ஆனா திருப்பித் தரணும்.

— படம் எடுத்துட்டு இப்பவே தந்துடுறேன். ஆனா அக்கா, அந்த வரிசை அன்னிக்குத்தான் நெய்ததுன்னு இந்தக் கடுதாசி சொல்லாதே. கம்பளத்துலயே ஏதாவது அடையாளம் இருந்தா...

— இருக்கு.

— சொல்லுங்க சிர்வார்த் அக்கா.

— கோட்டுக்கு மேல கண்ணை வச்சுப் பாரு. சிவப்பு மாறுதா?

— இருங்க, கிட்டப் போய்ப் பார்க்குறேன்... ஆமா. கோட்டுக்குக் கீழ கருஞ்சிவப்பு. மேல கொஞ்சம் வெளிறி, செங்கல் மாதிரி. இவ்வளவு நாளும் வெயில்ல வெளுத்ததுன்னு நெனச்சேன்.

— வெயிலாம்! மஞ்சிட்டி வேர்ச் சாயம் இருநூறு வருஷம் வெயில்ல கெடந்தாலும் போகாது. கேட்டுக்கோ. அந்த வரிசையோட தறி நின்னுபோச்சு. நாப்பது நாள் துக்கம். அந்த நாப்பது நாள்ல ஊறப்போட்ட சாயம் கெட்டுப்போச்சு. மே மாசம் நான் புதுசா வேர் தோண்டி, புதுசா முக்கினேன். வேர் இளசு, ஊத்துத் தண்ணியும் பனி உருகி வந்தது. அதான் நிறம் வேற. எங்க பக்கத்து எந்த நெசவுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாலும், "இங்க ஒரு துக்கம் விழுந்திருக்கு"ன்னு சொல்லிடுவா.

— பொறுங்க. பொறுங்க! அந்தக் கழுத்துத்துணியை எடுக்குறேன். என் பையிலதான் இருக்கு, ஆதாரத்துக்கு வாங்கினது. ஜன்னல் பக்கம் காட்டுறேன். பாருங்க.

— அட கடவுளே.

— இதுலயும் மாறுது. கோட்டுக்குக் கீழ ஒரு சிவப்பு, மேல ஒரு சிவப்பு. மெஷின்ல அச்சடிச்ச பட்டு. சாயம் எங்க கெட்டுது அவனுக்கு? யாருக்கு நாப்பது நாள் காத்திருந்தான்? உங்க துக்கத்தையும் சேர்த்துல்ல அச்சடிச்சிருக்கான், கழுதை! படத்துல என்ன இருந்துதோ அதை அப்படியே!

— அது போதுமா, பொண்ணே?

— போதுமாவா? ஆணி அடிச்ச மாதிரி இருக்கு! காகிதத்துல வரைஞ்சு வச்சுக்கிட்டு நெய்றவனுக்கே இதெல்லாம் கணக்கு வச்சுச் சொல்ல வராது. நீங்க ரெண்டு பேரும் காகிதமே இல்லாம, தலைக்குள்ள ஒரு நாகத்தையே வச்சுக்கிட்டு, எந்த முடிச்சு எந்த நாள்னு சொல்றீங்க. நான் அஞ்சு வருஷம் படிச்ச படிப்பு இதுக்கு முன்னாடி தூசு.

— முகத்தைத் துடை. கோபம் ஒழுகுது.

— துடைக்கிறேன். இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. யாரு, எப்படி. இதுல ரெண்டு பேரும் வேற வேற சொன்னா அவன் வக்கீல் அதைத்தான் பிடிச்சுத் தொங்குவான். இன்னொண்ணு எனக்கே புரியல. கரையோட முடிஞ்ச வரிசை, முப்பத்தொரு முடிச்சு. தப்புன்னு தெரிஞ்சா அரைமணி நேரத்துல பிரிச்சுக் கட்டியிருக்கலாமே. ஏன் விட்டீங்க, ஹெக்னார் அக்கா?

— நான் பிரிக்க மாட்டேன்னேன்.

— சிர்வார்த் அக்கா?

— நான் பிரிக்கச் சொல்லவே இல்ல.

— ஊர் பூரா "தப்பு, தப்பு"ன்னு சொன்னவங்க நீங்க. பிரிக்க மட்டும் சொல்லலியா?

— மணி என்ன ஜான்?

— மூணேகால். பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தல. எழுது. "அந்த முப்பத்தொரு முடிச்சையும் கட்டினது ஹெக்னார் கை. கூப்பிட்டது சிர்வார்த் வாய்." எழுதிட்டியா? "கை தப்பல." அதையும் எழுது. பெரிசா எழுது.

— அக்கா... அப்போ நீங்கதான் நீலம்னு கூப்பிட்டீங்களா?

— நான்தான். ஆனா தப்பாக் கூப்பிட்டேன்னு எழுதாத.

— புரியல.

— எங்க வீட்டுத் தறி ஜன்னலோரம். நான் உக்காருற பக்கத்துல இருந்து பார்த்தா ஊத்து தெரியும், ஊத்துல இருந்து வீட்டுக்கு ஏறுற பாதை தெரியும். நாலு நீலம்னு கூப்பிட்டுட்டு நிமிர்ந்தேன். பட்டாளத்துக்காரங்க ரெண்டு பேரு ஏறி வர்றாங்க. நடுவுல ஊர்த் தலைவர். தொப்பியக் கையில வச்சிருக்காரு. அந்த மனுஷன் சாப்பாட்டுலகூடத் தொப்பியக் கழட்ட மாட்டாரு. அந்த மேட்டுல இருந்தது எங்க வீடு ஒண்ணுதான். எங்க வீட்ல எல்லைக்குப் போனது ஒரே புள்ளதான்.

— ஐயோ.

— "மிச்சம் சிவப்பு"ன்னு சொல்லிட்டா அதுக்கப்புறம் எண்ண வேண்டியதில்ல. கை தானா ஓடும், தலை நிமிரும். இவ எப்பவும் அங்கதான் நிமிருவா, ஜன்னலைப் பார்ப்பா, ஏதாவது பாடுவா. ஒவ்வொண்ணாக் கூப்பிட்டா காதைக் குடுத்துக் குனிஞ்சே இருக்கணும். நீலம்னேன். கட்டினா. நீலம்னேன். கட்டினா. அவங்க ஊத்தைத் தாண்டினாங்க. நீலம். வாதுமை மரத்தைத் தாண்டினாங்க. நீலம். முப்பத்தொண்ணுல கரை வந்துடுச்சு. அதுக்கு மேல கம்பளத்துல இடம் இல்ல, ஜான். இடம் இருந்திருந்தா நான் இன்னிக்கு வரைக்கும் எண்ணிக்கிட்டிருப்பேன். அந்த ஒன்றரை நிமிஷம் இவளுக்குப் புள்ள உயிரோட இருந்தான். அதைக் குடுத்தேன்னு நெனச்சேன். சாயங்காலம் ஆனதும் பயம் வந்துடுச்சு. "தெரிஞ்சும் என்னை உக்காத்தி வச்சு முடிச்சு போடச் சொன்னியாடி"ன்னு இவ கேட்டா நான் என்ன சொல்ல? கோட்டைப் பார்த்துப் பார்த்து பொம்பளைங்க கேட்டாங்க. கை தப்பிடுச்சுன்னு சொல்லிட்டேன். சொன்னதைத் திரும்ப எடுக்க எட்டு வருஷம் ஆச்சு. அதுவும் எவனோ ஒருத்தன் திருடினதால.

— ஹெக்னார் அக்கா... ஏதாவது சொல்லுங்க.

— நீ எழுதிட்டியா, பொண்ணே? கை தப்பலன்னு?

— எழுதிட்டேன். பெரிசா.

— அப்போ என் கோபம் முடிஞ்சுது. எனக்கு அது ஒண்ணுதான் கோபம். நாலுக்கு மேல நீலம் தப்புன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கட்டினேன்.

— தெரிஞ்சா? ஏன்டி கட்டின? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஹெக்னார்!

— ஊத்துக்கிட்ட அவங்க திரும்பும்போதே நானும் பார்த்துட்டேன், அக்கா. நீ எண்ணுறத நிறுத்திடுவியோன்னுதான் பயந்துக்கிட்டே கட்டினேன்.